முதல் வரிசையில் அம்மா

என் ரெஸ்லிங்கைப் பார்க்க வரப்போவதாக அம்மா சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடங்களாக "உந்தக் குத்துப்பாடு" என்று மட்டுமே அதைக் குறிப்பிட்டு வந்தவர் அவர். முதல் வரிசையில், நடுவில், ரிங்குக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியைப் பிடித்துக் கொடுத்தேன். அடி விழும் சத்தம் அங்கேதான் நன்றாகக் கேட்கும்.

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டுக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் விளையாட்டு மண்டபம் அது. வார நாட்களில் பிள்ளைகள் அங்கே பந்து விளையாடுவார்கள். இடைக்கிடை ஒரு சனிக்கிழமை நாங்கள் வாகனத்தில் ரிங்கைக் கொண்டுவந்து, நாங்களே பூட்டி, நாங்களே அதில் விழுந்தெழும்பி, நாங்களே கழற்றிக்கொண்டு போவோம். தொலைக்காட்சியில் வரும் பெரிய ரெஸ்லிங் நிறுவனங்களுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எங்களில் யாருக்கும் இது சோறு போடுவதில்லை. நான் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு பட்டறையில் பொய்ப்பற்கள் செய்கிறேன். சனிக்கிழமை சொந்தப் பற்களைப் பணயம் வைக்கிறேன்.

என் எதிராளி வார நாட்களில் டிராம் ஓட்டுகிறாள். என் வயதுதான். இருவரும் ஒரே காலத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து, ஒரே மெத்தையில் விழப் பழகியவர்கள். ரிங்கில் அவள் வில்லி, நான் நல்லவள். நேரில் பார்த்தால் இரண்டு பேரில் எனக்குத்தான் வாய் அதிகம். அவள் ஒழுங்கென்றால் ஒழுங்கு. டிராமின் கதவை மூடிய பிறகு ஓடிவருகிறவர்களுக்கு அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உடை மாற்றும் அறையில் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது.

எங்கள் உலகத்தின் முதல் சட்டம், வந்தவுடன் எல்லோருக்கும் கை கொடுப்பது. குழுவை நடத்துபவர் முதல் வாசலில் கோலா விற்பவர் வரை ஒருவரையும் விடக்கூடாது. கையை நெரிக்கவும் கூடாது, மெல்லத் தொட்டுப் பிடிக்க வேண்டும். உன் உடம்பு இன்றைக்கு என்னிடம் பத்திரமாக இருக்கும் என்று அதற்கு அர்த்தம். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த பெரிய பெயர்க்காரர் ஒருவர், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் போய் மூலையில் உட்கார்ந்தார். என் எதிராளி எழுந்து போய், வெளியே போய்விட்டு மறுபடியும் உள்ளே வரும்படி அமைதியாகச் சொன்னாள். அவரும் போனார், வந்தார், கை கொடுத்தார். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

வேறு சட்டங்களும் உண்டு. தவறுதலாக ஒருவருக்குக் காயம் வந்தால், காரணமானவர் குளிக்கப் போகுமுன் அவரிடம் போய் நிற்க வேண்டும். முதலில் கதைக்கும் உரிமை காயப்பட்டவருக்கே. விருந்தாளியை அழைத்து வந்தவர் அந்த விருந்தாளியின் நடத்தைக்கும் பொறுப்பு. இதெல்லாம் எங்கும் எழுதி ஒட்டியிருக்காது, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் இருவருக்கும் மட்டும் உரிய ஒரு பழக்கமும் இருந்தது. கனமாக விழுந்தால் மற்றவள் பக்கத்தில் போய், பிடிப்பது போலப் பாவனை செய்துகொண்டு, நலமா என்று கேட்க வேண்டும். ஜெர்மனில் கேட்டால் முதல் வரிசைக்குக் கேட்டுவிடும். அதனால் நான் தமிழில் கேட்கத் தொடங்கினேன். "சரியோ?" என்பேன். ஆமென்பதற்கு அவள் "ஓம்" என்பாள். நான் விழுந்தால் அவள் கேட்பாள், அவளுடைய "சரியோ" கொஞ்சம் டிராம் பிரேக் மாதிரிக் கரகரக்கும். அவளுக்குத் தெரிந்த தமிழ் இந்த இரண்டு சொற்கள்தான். அதை வைத்துக்கொண்டு எத்தனையோ சனிக்கிழமைகளை முழு எலும்புகளுடன் கடந்திருந்தோம்.

அம்மா அன்று மாலை நல்ல சேலையும் குளிர் ஜாக்கெட்டுமாக வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் எவர்சில்வர் பெட்டி நிறைய ஆட்டிறைச்சி ரோல்ஸ். எங்கே போனாலும் வெறுங்கையோடு போகமாட்டார்.

"அம்மா, பயப்பிடாதேங்கோ. எல்லாம் பேசி வச்சுச் செய்யிறதுதான்."

"உதெல்லாம் நடிப்பெண்டு எனக்குத் தெரியாதோ? ஹைம்ல இருக்கேக்க உங்கட அப்பாவோட இருந்து ரீவீல எவ்வளவு பாத்தனான்."

அகதிகள் விடுதியை எங்கள் வீட்டில் இன்றும் ஹைம் என்றுதான் சொல்வோம். அங்கே மொழி புரியாத காலத்தில், மொழி தேவைப்படாத நிகழ்ச்சி ரெஸ்லிங் மட்டும்தானாம். நான் நிம்மதியாகப் போய் உடை மாற்றினேன்.

சண்டை நன்றாகவே போனது. அவள் என் தலைமயிரைப் பிடித்து ரிங்கின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை இழுத்தாள். நான் ஊரே கேட்கக் கத்தினேன். பிறகு என்னை வெளியே எறிந்து, அம்மாவின் காலடியிலேயே போட்டு, மார்பில் ஓங்கி ஓர் அறை விட்டாள். எங்கள் தொழிலில் அந்த அறை மட்டும் உண்மையாகவே வலிக்கும். பிறகு அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்துச் சனத்தைப் பார்த்துச் சிரித்தாள். சனம் ஊளையிட்டது.

தரையில் கிடந்த எனக்கு அம்மாவின் செருப்புகள் நாற்காலியடியிலிருந்து முன்னால் வருவது தெரிந்தது. "அம்மா, வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். துணிப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டு அவள் திரும்பவும், எவர்சில்வர் பெட்டி அவளுடைய நெற்றியில் போய் "டங்" என்று விழவும் சரியாக இருந்தது.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அதுவும் நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

புருவத்துக்கு மேலே இரத்தம் வந்தது. நான் அவளைப் பிடிப்பது போல அணைத்து "சரியோ?" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. முதல் தடவையாக. மறுபடியும் கேட்டேன். அவள் ரிங்கைக் காட்டி, முடிப்போம் என்று மட்டும் சொன்னாள். ஏறினோம், சுருக்கமாக முடித்தோம். பேசி வைத்தபடி நான் வென்றேன். அவள் என்னைப் பார்க்காமல் திரைக்குப் பின்னால் போனாள்.

உடை மாற்றும் அறையில் குழுவை நடத்துபவர் அவளுடைய காயத்தைத் துடைத்துப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். வார நாட்களில் செடி விற்கிற, மெதுவாகப் பேசுகிற மனிதர். ரெஸ்லர்மேல் கை வைத்த பார்வையாளருக்கு இனி மண்டபத்தில் இடமில்லை, அது யாருடைய தாயாக இருந்தாலும் சரி என்றார். நான் அவள் முன்னால் போய் நின்றேன். எல்லோரும் அவள் பேசும்வரை காத்திருந்தார்கள்.

"எனக்குக் கோபம் இல்லை" என்றாள். "இது சின்னக் காயம், ஆறிவிடும். ஆனால் நான் ரிங்குக்கு வெளியே விழும்போது சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் விழுகிறேன். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தால் உடம்பு இறுகும். இறுகிய உடம்போடு விழுந்தால் கழுத்து போய்விடும். உன்னோடு இனி என்னால் விழ முடியுமா என்று தெரியவில்லை."

இலையுதிர்கால நிகழ்ச்சியில், எல்லோரும் காத்திருக்கும் கடைசிச் சண்டை எங்களுடையது என்று பேசியிருந்தார்கள். எங்கள் குழுவில் கடைசிச் சண்டை பெண்களுக்குக் கிடைத்ததே இல்லை. அது கைவிட்டுப் போவதைப் பற்றிக்கூட நான் அப்போது நினைக்கவில்லை. அவள் என்னோடு விழமாட்டாள் என்பதை மட்டும்தான் நினைத்தேன். வேறு யாரை நம்பி நான் தலைகீழாகத் தொங்குவேன்? அழுகை வந்தது, கோபமும் வந்தது.

மண்டபத்தில் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தன் நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் அதிலேயே இருந்தார். நெளிந்த பெட்டி மடியில்.

"அம்மா, வந்து அவளிட்ட மன்னிப்புக் கேளுங்கோ."

"நானோ? என்ர பிள்ளையின்ர தலைமயிரைப் பிடிச்சு இழுத்தவளிட்டயோ?"

"நடிப்பெண்டு தெரியும் எண்டீங்கள்!"

"எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. "கைக்குத் தெரியேல்லை."

அப்போது அவள் பின்னால் வந்தாள், நெற்றியில் பிளாஸ்டரோடு. அம்மா பெட்டியை இறுக்கிப் பிடித்தார். அவள் அம்மாவின் முன்னால் தரையில் முழங்காலிட்டுத் தலையைக் குனிந்தாள்.

"என் முடியைப் பிடித்து இழுக்கச் சொல்லு" என்றாள் என்னிடம்.

"தலைமயிரைப் பிடிச்சு இழுக்கட்டாம், அம்மா."

"இவளுக்கென்ன விசரோ?"

"பிடியுங்கோ."

அம்மா இரண்டு விரலால் தொட்டார். அவள் சட்டென்று அம்மாவின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் தலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, "ஐயோ" என்று அலறியபடி முழங்காலில் ஓடினாள். அம்மா அவளுக்குப் பின்னால் இழுபட்டுப் போனார். பார்த்தால் அம்மாதான் ஒரு பெரிய பெண்ணைத் தரதரவென்று இழுத்துப் போவது போல இருந்தது. நாற்காலி மடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நின்றதும் அம்மா கையை விரித்துப் பார்த்தார். ஒரு மயிர்கூட இல்லை.

அம்மா என்னைப் பார்த்தார்.

"அப்ப, நீயாத்தான் போனனியோ?"

"ஓம், அம்மா."

"அவள் இழுக்கேல்லை?"

"நான்தான் அவளின்ர கையைக் கூட்டிக்கொண்டு போனனான்."

அம்மா குனிந்து, பிளாஸ்டரை ஒரு விரலால் தொட்டார். நொந்ததா என்று தன் ஜெர்மனில் கேட்டார். ஆம், நிறைய நொந்தது என்றாள் அவள். மரியாதைக்காகப் பொய் சொல்வது அவளுக்குத் தெரியாது. அம்மாவின் கண் கலங்கியது. "என்சூல்டிகுங்" என்றார். மன்னிப்புக் கேட்க அலுவலகங்களில் ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய ஜெர்மன் சொல், ஆனால் இப்படி ஒருவரின் முகத்தைப் பார்த்து அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

குழுவை நடத்துபவர் வந்து தடையைப் பற்றி மறுபடி தொடங்கினார். அவள் குறுக்கிட்டாள். "இலையுதிர்காலச் சண்டைக்கு இவர் வரவேண்டும். இதே இடம், இதே நாற்காலி. இல்லையென்றால், பின்னால் இருப்பவரை நம்பலாம் என்று என் முதுகுக்கு எப்போது தெரியும்?" பிறகு அம்மாவைப் பார்த்து நிபந்தனை சொன்னாள். வாய்க்குத் தடையில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், அதற்குத்தான் சனம் வருகிறது. கை மட்டும் வரக்கூடாது. அதைச் சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.

அம்மா அதைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். நெரிக்கக்கூடாது என்று நான் சொல்லித் தரவில்லை. அவராகவே மெல்லத்தான் பிடித்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில், விழுந்தால் நாங்கள் எப்படிக் கேட்டுக்கொள்வோம் என்று அவருக்குச் சொன்னேன்.

"தமிழிலையோ? அவள் ஓம் எண்டு சொல்லுவாளோ?"

"சொல்லுவாள்."

அம்மா வீடு வரும்வரை தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். பெட்டிதான் நெளிந்தது, ரோல்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் புறப்படுமுன் அவற்றை எல்லாம் உடை மாற்றும் அறையில் தின்று தீர்த்துவிட்டார்கள்.

இலையுதிர்காலம் வந்தது. அம்மா வந்ததும் முதல் வேலையாக உள்ளே போய் எல்லோருக்கும் கை கொடுத்தார். கோலா விற்பவரையும் விடவில்லை. பிறகு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் திரை ஓரமாக எட்டிப் பார்த்தேன். அம்மா இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்தாள். கழுத்தை இரண்டு பக்கமும் சாய்த்துச் சொடக்கெடுத்தாள். அவளுக்குப் பயம் இருந்தால் அப்படிச் செய்வாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் என் தலைமயிரைப் பிடித்ததும் முதல் வரிசையிலிருந்து சத்தம் கிளம்பியது. "எடியே மூதேசி! விடடி என்ர பிள்ளையை! நீ நல்லா இருப்பியோடி?" அம்மாவுக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறதென்று எனக்கே தெரியாது. ஒரு சொல்லும் புரியாத சனம் அம்மாவோடு சேர்ந்து கத்தியது. கைகள் மட்டும் அசையவில்லை.

கடைசியில் அந்த இடம் வந்தது. அவள் கயிறுகளுக்கு வெளியே, ரிங்கின் விளிம்பில், அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். நான் உதைக்க வேண்டும், அவள் பின்பக்கமாகக் கீழே விழ வேண்டும். "மற்றப் பக்கம் போவோமா?" என்று ஜெர்மனில் முணுமுணுத்தேன், யாருக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று. அவள் தலையை ஆட்டி மறுத்தாள். திரும்பிப் பார்க்கவும் இல்லை. நான் உதைத்தேன். அவள் உடம்பைத் தளரவிட்டு, இறுக்கம் எதுவும் இல்லாமல், பழைய மாதிரி விழுந்தாள்.

அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் அசையாமல் கிடந்தாள். அம்மா முன்னால் வளைந்து, கைகளை எடுக்காமல், அவளிடம் ஏதோ சொன்னது தெரிந்தது. சனத்தின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. நான் இறங்கி ஓடி, அவளுடைய தலைமயிரைப் பிடித்து, காதருகே குனிந்து வழக்கம்போல "சரியோ?" என்றேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. என் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "ஓம் என்று உன் அம்மாவிடமே சொல்லிவிட்டேன். நீ இழு" என்றாள்.