அமரர் துடைத்த கார்கள்

உயிரோடு நடமாடும் மனிதருக்கு ‘அமரர்’ என்று பட்டப்பெயர் வைக்க ஒரு தனி மனசு வேண்டும். அவர் தெருக்காரர்களுக்கு அது இருந்தது. ஏறக்குறைய இருபது வருடம் ஆஸ்பத்திரியின் அமரர் ஊர்தியை ஓட்டியவர். முதலில் ‘அமரர் வண்டி டிரைவர்’ என்றார்கள். நாக்குக்கு வேலை மிச்சம் என்று ‘டிரைவர்’ கழன்றது, பிறகு ‘வண்டி’யும் கழன்றது. “என்ன அமரரே, சாப்பாடு ஆச்சா?” என்பார்கள். அவரும் “ஆச்சு” என்பார்.

அந்த வண்டியை அவர் வைத்திருந்த அழகே தனி. அழுதுகொண்டு வரும் உறவுக்காரர்கள் அதன் கதவில் முகம் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துவிட்டு மறுபடி அழுவார்கள். அப்படி மின்னும். பிறகு ஆஸ்பத்திரி வண்டியைக் குத்தகைக்கு விட்டது, குத்தகைக்காரர் தன் ஆளைக் கொண்டுவந்தார். அமரருக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. “இத்தனை வருஷத்துல ஒரு பயணிகூட ‘கொஞ்சம் வேகமாப் போப்பா’ன்னு சொன்னதில்ல. போரடிச்சுப் போச்சு” என்றார்.

வண்டி ஓட்டுவதைத் தவிர அவருக்குத் தெரிந்தது வண்டியைச் சுத்தம் செய்வது. மூடிக்கிடந்த ஒரு டயர் கடையின் ஷெட்டை வாடகைக்குப் பிடித்தார். ஒரு வேக்குவம் கிளீனர், நீராவி அடிக்கிற மெஷின், பெரிசும் சிறிசுமாகப் பிரஷ்கள், வீட்டில் எல்லாரும் தேய்த்துத் தீர்த்த பல் பிரஷ்கள், தையல் வேலை செய்யும் மனைவி மிச்சத் துணியில் வெட்டிக் கொடுத்த துண்டுகள். கார் டீட்டெய்லிங் தொடங்கியாயிற்று.

“வெறும் கார் கழுவறதுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?” என்று மனைவி கேட்டாள்.

“கழுவறதுன்னா சும்மா குளிப்பாட்டி விடறது. இது காது குடைஞ்சு, நகம் வெட்டி, பவுடர் போட்டு, தலை சீவி...”

“இந்த விளக்கத்தை வெளியில சொல்லிடாதீங்க. ஏற்கெனவே உங்களப் பாத்தா ஓடறாங்க.”

உண்மைதான். ஷெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் ஈ ஓட்டினார். அந்த வழியாகப் போகிறவர்கள் அவரைப் பார்த்ததும் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டார்கள். அவர் கை பட்ட காரில் ஏறினால் எங்கே போய் இறங்குவோமோ என்ற கவலை அவர்களுக்கு.

இந்த இடத்தில் மச்சினன் உள்ளே வந்தான். மனைவியின் தம்பி. செல்போன் உறை விற்கிறவன், ஆனால் உலகத்தில் எதையும் விற்கத் தன்னால் முடியும் என்று நம்புகிறவன்.

“மாமா, உங்களுக்கு விளம்பரம் பத்தாது. நான் பாத்துக்கிறேன்” என்றான்.

இரண்டு நாளில் ஷெட்டின் தலையில் ஒரு பெரிய போர்டு ஏறியது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து: ‘உங்கள் காருக்கு மறுஜென்மம்!’ கீழே அமரரின் சிரித்த முகம்.

ஊரே வந்தது. வந்து, போர்டை போட்டோ எடுத்துக்கொண்டு போனது. கார் ஒன்றும் வரவில்லை. மனைவி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “டேய், இவர் மூஞ்சிக்கு மேல மறுஜென்மம்னு எழுதியிருக்கியே, ஒரு மாலைதான்டா குறைச்சல்.”

மச்சினன் அசரவில்லை. அச்சடித்த துண்டுக் காகிதங்களோடு மாமாவைச் சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்துக்கு அனுப்பினான். அமரர் ஒவ்வொரு காரின் வைப்பரிலும் ஒரு காகிதத்தைச் செருகிக்கொண்டே போனார். தன் காரில் அவர் ஏதோ வைத்துவிட்டுப் போவதைத் தூரத்திலிருந்து பார்த்த ஓர் அம்மாள் கூடையைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு போன் செய்து எல்லாரும் நன்றாக இருக்கிறார்களா என்று விசாரித்தார். அடுத்து, தெரிந்த இடமாயிற்றே என்று அமரர் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனார். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவர் அவரைக் கண்டதும் கையை உயர்த்தி, “இன்னும் இல்லப்பா, எனக்கு வெறும் மூட்டுவலி” என்றார். காவலாளி தோளில் கைபோட்டு மரியாதையாக வெளியே கொண்டுவந்து விட்டார்.

அன்றைக்கு ஷெட்டுக்குத் திரும்பி, வேறு வேலை இல்லாததால் வேக்குவம் கிளீனரையே துடைத்து வைத்தார். மெஷின்களை வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்றுகூட யோசித்தார். அப்போதுதான் வாசலில் ஒரு கார் குலுங்கிக் குலுங்கி வந்து, உறுமி, அணைந்தது. உள்ளேயிருந்து டீச்சர் இறங்கினார்.

டீச்சரை எல்லாருக்கும் தெரியும், அவர் கணவரை இன்னும் நன்றாகத் தெரியும். கணவர் பல் டாக்டர். மிட்டாய் சாப்பிடும் பிள்ளைகளைக் கண்டால் நடுரோட்டில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லித் திட்டுகிறவர். அவர் கிளினிக் சுவரில் மாட்டியிருந்த சொத்தைப் பல் படத்தைப் பார்த்துக் கனவில் அலறாத பிள்ளை அந்த வட்டாரத்தில் கிடையாது. அவர் போய் இரண்டு மாதம் இருக்கும்.

“தம்பி, அவரைக் கடைசியாக் கொண்டுபோய் விட்டது நீங்கதானே?” என்றார் டீச்சர்.

“ஆமா டீச்சர்.”

“ஒரு குலுக்கல் இல்லாமக் கொண்டுபோனீங்க. அப்பவே நெனச்சேன். இந்தாங்க, அவர் காரு. வாங்க ஆள் வந்திருக்கு. உள்ள ஒரே கிராம்பு எண்ணெய் வாசனை. எனக்கு ஏறி உக்காந்தா பக்கத்துலயே இருக்கிற மாதிரி இருக்கு. சுத்தம் பண்ணிக் குடுங்க.”

முதல் வாடிக்கையாளர். அமரர் கதவுகளை அகலத் திறந்து, மிதியடிகளை உருவி, ஓட்டுநர் சீட்டைப் பின்னால் தள்ளினார். சீட்டு நகரும் தண்டவாளத்துக்கு நடுவில் பளபளவென்று ஏதோ கிடந்தது. மிட்டாய்க் காகிதம். எடுத்தார், அதற்குப் பின்னால் இன்னொன்று. கையை விட்டுத் துழாவினால் கொத்துக் கொத்தாக வந்தன. எல்லாம் சின்னதாக, நாலாக மடித்து, ஒருவரும் பார்க்கக் கூடாது என்ற கவனத்தோடு செருகியவை. கதவுப் பையில் கையேட்டுக்குப் பின்னால் பாதி தின்ற சாக்லேட். ஸ்டெப்னி டயரைத் தூக்கினார். அதன் வயிற்றுக்குள் பெரிய டப்பா, டப்பா நிறைய பால் மிட்டாய்.

அமரர் டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். குப்பையில் போட்டுவிட்டு மூச்சு விடாமல் இருந்துவிடலாம். செத்தவரின் மானம் போகாது. ஆனால் பழைய வேலையில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. போனவர் பையில் என்ன இருந்தாலும், பல் குத்தும் குச்சியே ஆனாலும், வீட்டாரிடம் கொடுத்துவிடுவார். இது வேண்டும், இது வேண்டாம் என்று முடிவு செய்யத் தான் யார் என்பது அவர் எண்ணம். எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு முடிச்சிட்டார்.

சாயங்காலம் டீச்சர் வந்தார். கார் புதுசுபோல் நின்றது. அமரர் அதைக் காட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டு பையை நீட்டினார். “உள்ள இருந்துச்சு டீச்சர்.”

டீச்சர் முடிச்சை அவிழ்த்தார். ஒரு காகிதத்தைப் பிரித்தார், இன்னொன்றைப் பிரித்தார். டப்பாவின் மூடியைத் திறந்தார். அமரர் துண்டை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கதவை மறுபடி துடைத்தார்.

“திருட்டு மூஞ்சி” என்றார் டீச்சர்.

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். நின்று சிரித்து, முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “கல்யாணமான நாள்லேர்ந்து எனக்குச் சக்கரை இல்லாத காபி. ‘பல்லு போயிரும், பல்லு போயிரும்’னு ஒரே பாட்டு. இந்த மனுஷன் டயருக்குள்ள கடையே வச்சிருக்கார்.” ஒரு பால் மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். டப்பாவை அமரரிடம் நீட்டினார். “எடுத்துக்கங்க தம்பி. அவர் இருந்தா உங்களுக்குக் குடுத்திருக்க மாட்டார்.”

இருவரும் மென்றார்கள். கிளம்பும்போது டீச்சர், “ரெண்டு மாசமா எனக்கு அழுகையே வரல. ஏன்னு தெரியாம இருந்தேன். இன்னிக்குத்தான் அந்த ஆள் மேல ஒரு பிரியம் வருது” என்றார்.

டீச்சருக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்தது. அவர் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் சொன்னார், நூலகத்தில் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். அதன்பின் கார்கள் வரத் தொடங்கின. எல்லாம் போய்ச் சேர்ந்தவர்களின் கார்கள். ஓர் எலக்ட்ரீஷியனின் வேனை அவர் தம்பி கொண்டுவந்தார். சீட்டுக்குப் பின்னாலிருந்து அமரர் ஸ்க்ரூ டிரைவராக எடுத்து எடுத்து வரிசையில் வைத்தார். தம்பி அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். “இதெல்லாம் நான்தான் திருடிட்டேன்னு சொல்லி, சாகற வரைக்கும் எங்கூடப் பேசல. பாவி, ஒரு தடவ குனிஞ்சு பாத்திருக்கலாம்ல” என்றவர், அதில் ஒன்றை மட்டும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார்.

“செத்தவங்க வேணாம்னுதானே இந்தத் தொழிலுக்கு வந்தீங்க? இப்ப காரை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வர்றாங்க” என்றாள் மனைவி.

“இந்தத் தடவ உக்காந்து வர்றாங்கல்ல” என்றார் அமரர்.

ஆனால் தொழில் நடக்கும் வேகத்துக்கு ஜனங்கள் சாவதில்லை. ஒரு மாதம் ஒருவரும் போகவில்லை. ஊருக்கு நல்ல மாதம். எதிர்வீட்டுக்காரரின் இருமலைப் பற்றித் தேவைக்கு மேல் அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தபோது அமரருக்கே தன்மேல் வெட்கம் வந்தது. மச்சினன் வேறு, “மாமா, குளிர் காலத்துல கொஞ்சம் பிக்கப் ஆகும்” என்று ஆறுதல் சொன்னான். மனைவி அளவு நாடாவால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

அந்த வெற்று மாதத்தில்தான் மளிகைக் கடைக்காரர் வந்தார். காரை ஷெட்டுக்குள் கடைசிவரை ஓட்டி வந்து, இறங்கி, தானே ஷட்டரைப் பாதி இறக்கினார்.

“யார் தவறிட்டாங்க?” என்று அமரர் இரக்கமாகக் கேட்டார்.

“யாரும் இல்லய்யா. இது என் காரு. எனக்கு ஒண்ணுமில்ல. செக்கப்ல எல்லாம் நார்மல்.” சுற்றும்முற்றும் பார்த்தார். “ஆனா நாளைக்கே ஏதாவது ஆச்சுன்னு வையி. என் வீட்டுக்காரி காரை உங்கிட்டதான் கொண்டுவருவா. நீ பையில போட்டு அவ கையில குடுப்ப. பல் டாக்டர் கதையக் கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கமே போச்சு.”

“அப்படி என்ன இருக்கு?”

“நீயே பாரு. பாத்துட்டு மறந்துரு.”

அமரர் பின் சீட்டைத் தூக்கினார். அதன் அடியில் பூப்போட்ட உறையில் ஒரு தலையணை, ஒரு போர்வை, சின்ன அலாரம் கடிகாரம். பக்கத்தில் ஒரு ஜோடி நடைப்பயிற்சி ஷூ, அடிப்பாகத்தில் மண்ணே படாமல். மளிகைக் கடைக்காரர் தினமும் காலையில் உடம்பைக் குறைக்க நடக்கப் போவதாகப் பெயர். பூங்கா வாசலில் காரை நிறுத்தி இரண்டாம் தூக்கம் போட்டுவிட்டு, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் “அப்பாடா” என்று உட்கார்ந்துவிடுவார். மனைவி பெருமையோடு பழரசம் கொண்டுவந்து கொடுப்பாராம்.

அமரர் சிரிக்கவில்லை. பையில் போட்டுக் கட்டி அவர் கையிலேயே கொடுத்தார். “வீட்டுல கேட்டா?” என்றார் கடைக்காரர். “காரை யார் கொண்டுவர்றாங்களோ, பை அவங்களுக்குத்தான். மத்தவங்களுக்கு என் வாய் திறக்காது. என் பழைய வண்டியில வந்த ஆளுங்ககிட்டேர்ந்து கத்துக்கிட்டது” என்றார் அமரர்.

காதும் காதும் வைத்தமாதிரிதான் பேசினார்கள். ஆனாலும் சேதி போகவேண்டிய காதுகளுக்குப் போனது. வங்கி மேனேஜர் வந்தார், டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் வந்தார், மருந்துக் கடைக்காரர் வந்தார். எல்லாரும் ஆரோக்கியமாக இருந்தார்கள், எல்லாரும் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். மனிதர்கள் எதற்காகவெல்லாம் காரில் ஒளிகிறார்கள் என்று அமரருக்கு ஒரு படிப்பே ஆயிற்று. சீட்டுக் கட்டு, விக், பாட்டுப் பயிற்சிக்கான ஒலிவாங்கி, வெளியூர் மாப்பிள்ளையைக் கெட்ட வார்த்தையில் திட்டி எழுதி அனுப்பாமல் விட்ட கடிதங்கள். வாடிக்கையாளரைத் தேடி அவர் இனி அலைய வேண்டியிருக்கவில்லை. உதவிக்கு ஓர் ஆளையும் சேர்த்துக்கொண்டார். மச்சினன் விண்ணப்பித்தான். வாய் காரணமாக நிராகரிக்கப்பட்டான்.

ஒரு மத்தியானம் மளிகைக் கடைக்காரர் மறுபடி வந்து காரை விட்டிருந்தார். தலையணை திரும்பக் குடியேறியிருந்தது. பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு சிறிய நீலக் கார் வந்து நின்றது. கடைக்காரரின் மனைவி. பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த கடைக்காரர் டீ கிளாஸும் கையுமாக உறைந்துபோனார். அமரர் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பையைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

அந்த அம்மாள் கணவரை அங்கே எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு கணம் தயங்கினார். பிறகு அமரரைத் தனியாக அழைத்து, “என் வண்டியையும் பாத்துருங்க. வர்ற பை என் கைக்குத்தான் வரணும்” என்றார் மெதுவாக.

“கண்டிப்பாம்மா.”

அவர் போய்க் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். உதவியாள் அவருக்கும் ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தான். வேக்குவம் கிளீனரின் இரைச்சலில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீலக் காரில் என்ன கிடைத்தது என்பதை அமரர் தன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. கொஞ்சம் பெரிய பையாகத் தேடவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வேலை முடிந்தது. கடைக்காரர் தன் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஏதோ பேசவேண்டுமே என்று மனைவியின் பைக்குக் கை நீட்டினார்.

“குடு, நான் தூக்கிக்கிறேன்.”

“வெயிட்டே இல்லங்க” என்றார் அந்த அம்மாள், பையை இரண்டு கையாலும் அணைத்தபடி. “நீங்க காலையில நடந்த களைப்புல இருப்பீங்க.”