பி பக்கத்தில் இருந்த பாட்டு

போன மாதம் குபெர்டினோவில் ஒரு கல்யாண ரிசப்ஷன். என் கணவர் ரவியோடு வேலை பார்ப்பவரின் பையனுக்குக் கல்யாணம். நான் பிரியாணித் தட்டோடு ஓரமாக நின்றிருந்தேன். டிஜே திடீரென்று எதையோ போட்டார். தரை அதிர்கிற டிரம், அதற்கு மேலே நம் நாதஸ்வரத்துக்குச் சளி பிடித்த மாதிரி ஒரு குழல். என் கால் என்னைக் கேட்காமலே வலப்பக்கம் மூன்று அடி போய் நின்றது. "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள் மகள். புடவையில் கொஞ்சம் பிரியாணி. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குப் போய் துடைத்துக்கொண்டிருந்தபோது, வாஷ்பேசின் அருகே வைத்திருந்த சோப்பில் எலுமிச்சை வாசனை. அப்புறம் நான் அந்த ரிசப்ஷனில் இல்லை.

எலுமிச்சை வாசனை என்றால் எனக்கு நெர்மினின் கார்தான். அவள் துருக்கிக்காரி. தொண்ணூற்றொன்பதில் நியூ ஜெர்சியில் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தோம். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடக் கூடாதே என்று, பழைய புரோகிராம்களில் தேதியைத் திருத்துகிற வேலை. கிளிஃப்டனில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு நாலு தெரு தள்ளி அவள் வீடு. தினமும் காலை ஏழரைக்கு வந்து ஹார்ன் அடிப்பாள். ஏறி உட்கார்ந்ததும் ஒரு பாட்டிலிலிருந்து எலுமிச்சை வாசனைத் தண்ணீரை என் உள்ளங்கையில் ஊற்றுவாள். அவர்கள் ஊரில் விருந்தாளிக்குச் செய்கிற மரியாதையாம். தினமும் ஓசியில் வருகிறவளுக்கு அத்தனை மரியாதை.

காரில் எப்போதும் ஒரே கேசட். ஏ பக்கத்தில் அவள் அப்பா வாசித்த சுர்னா. அந்தக் குழலின் பெயர் அதுதான். கிராமத்துக் கல்யாணங்களில் வரிசையாக நின்று சுண்டுவிரல்களைக் கோத்துக்கொண்டு ஆடுகிற ஹாலய் என்ற ஆட்டத்துக்கு அவர் வாசிப்பாராம். பி பக்கம் அவள் தம்பி தாரிக் செய்தது. அவன் ஒரு கடற்கரை ஹோட்டலில் டிஜே. அப்பாவின் வாசிப்பையே எடுத்து, அதற்குக் கீழே மெஷின் டிரம்மை ஓடவிட்டு, டிஸ்கோவில் ஆடுகிற மாதிரி ஆக்கியிருந்தான். அப்பாவுக்கு அது தெரிந்ததும் வந்த கோபம் இரண்டு வருஷமாக இறங்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேச்சு வார்த்தை இல்லை. "நான் இங்கேருந்து போன் பண்ணி, அப்பா சொன்னதைத் தம்பிகிட்ட சொல்லணும்" என்பாள் நெர்மின். நாங்கள் பேசிக்கொண்டது இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத இங்கிலீஷ். உங்களுக்காகத் தமிழாக்கிச் சொல்கிறேன்.

அந்த ஆட்டத்தை மதிய இடைவேளையில் பார்க்கிங் லாட்டில் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். வலது பக்கம் மூன்று அடி, நிற்கணும், தோளைக் குலுக்கணும். ஒருநாள் எங்கள் டீமிலிருந்த சம்பத் பார்த்துவிட்டார். "என்ன மேடம், கும்மியா?" என்றார். அதோடு நான் கார்களுக்கு நடுவில் மறைந்து நின்று ஆட ஆரம்பித்தேன்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை ராத்திரி. குக்கரை இறக்கிக்கொண்டிருந்தேன். ரவி டிவி முன்னாலிருந்து கூப்பிட்டார். "துருக்கில பெரிய பூகம்பமாம். உன் ஃப்ரெண்டுக்கு எந்த ஊரு?"

அடப்பசாரி என்றேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். அதே பெயர்தான். நெர்மின் வீட்டுக்குப் போன் போட்டேன். என்கேஜ்டு. படுக்கப் போகும்வரை என்கேஜ்டு.

மறுநாள் ஏழரைக்கு வழக்கம் போல ஹார்ன் கேட்டது. நான் ஏறிக்கொண்டேன். பாட்டு இல்லை, வாசனைத் தண்ணீர் இல்லை. ரூட் 46-ல் இரண்டு மைல் போயிருப்போம். காரை ஓரம் கட்டி நிறுத்தினாள். ஸ்டியரிங் மேல் அவள் கைகள் ஆடிக்கொண்டிருந்தன.

"நீ ஓட்டு. ஆபீஸ் வேண்டாம். பேட்டர்சனுக்குப் போ."

நான் லைசென்ஸ் வாங்கி மூன்று வாரம். சூப்பர் மார்க்கெட்டுக்கு மேல் எங்கும் ஓட்டியதில்லை. பக்கத்தில் லாரிகள் உறுமிக்கொண்டு போயின. எங்கே ஏறுவது, எந்த எக்ஸிட் என்று எதுவும் புரியவில்லை. பின்னால் ஒருவன் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அன்று புடவை கட்டாமல் சல்வார் போட்டிருந்தேன், வியர்வையைத் துடைக்கத் துப்பட்டாதான் இருந்தது. முப்பத்தைந்து மைல் வேகத்தில் போய்ச் சேர்ந்தேன்.

பேட்டர்சனில் துருக்கிக்காரர் ஒருவரின் மளிகைக் கடை. ஆலிவ் காய் வாளிகளுக்கு நடுவில் இருபது, முப்பது பேர். மேலே சாட்டிலைட் டிவி, கல்லாவில் ஒரு போன். ஒவ்வொருவராக டயல் செய்தார்கள், லைன் கிடைக்கவில்லை. ஒரு அம்மாவுக்கு மட்டும் கிடைத்தது. கடையிலிருந்தவர்கள் எழுதிக் கொடுத்த பெயர்களை எல்லாம் உரக்க வாசித்துவிட்டு, கடைசியில்தான் தன் மகனைப் பற்றிக் கேட்டாள். நெர்மினுக்குத் தலைநகர் அங்காராவில் ஒரு சித்தி. மதியத்துக்கு மேல் அந்த ஊருக்கு லைன் கிடைத்தது, அவளிடம் கடை நம்பரைச் சொல்லிவைத்தோம்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் சண்டை.

"ஆபீஸ்ல என்ன சொன்ன?"

"ஃபீவர்னு."

"எச் ஒன் விசால இருக்கோம். வேலை போச்சுன்னா ரெண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். புரியுதா?"

"அவ கை நடுங்குதுங்க. யாரு டிரைவ் பண்ணுவா?"

"நீ டிரைவ் பண்றது அதைவிட ரிஸ்க்."

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். புதன்கிழமையும் போனேன். வியாழக்கிழமையும் போனேன்.

எங்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. தாரிக் ராத்திரி வேலை பார்க்கிறவன், பூகம்பம் வந்தபோது அங்கே ராத்திரி மூன்று மணி, ஹோட்டலில்தான் இருந்திருப்பான். அப்பாவை நினைத்துத்தான் பயம். கிழவர் வீட்டில் தூங்கியிருப்பார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் போன் அடித்தது. கடைக்காரர் எடுத்துக் கேட்டுவிட்டு, ரிசீவரை நெர்மினிடம் நீட்டினார். "பாபா" என்றாள். அப்பாதான். பக்கத்து ஊர் போஸ்ட் ஆபீஸிலிருந்து பேசுகிறார். அவள் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன். பிறகு அவள் முகம் மாறியது. அப்பாவுக்குப் போன வாரம்தான் ஒரு காய்கறிக் கிடங்கில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருந்ததாம். அன்று அவருக்கு ராத்திரி டியூட்டி. தாரிக்குக்குத் திங்கட்கிழமை லீவு. அவன்தான் வீட்டில் இருந்தான். முந்தின நாள் அடக்கம் செய்தாகிவிட்டது.

நெர்மின் அழவில்லை. ரிசீவரை மார்போடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அவன் போட்ட பாட்டை அப்பா கேட்டதே இல்லை. இப்போ கேட்கணுமாம்."

எனக்குக் காரைச் சரியாகப் பார்க் செய்ய வராது. இரண்டு கார்களுக்கு நடுவில் நுழைக்கத் தெரியாமல் இரண்டு தெரு தள்ளி, காலியாக இருந்த இடத்தில் விட்டிருந்தேன். அந்த இரண்டு தெருவையும் ஓடினேன். சாவி கதவில் நுழையவில்லை. நுழைந்தது. கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி ஓடினேன்.

லைன் இன்னும் இருந்தது. கல்லாவிலிருந்த டேப் ரிக்கார்டரில் போட்டேன், ஏ பக்கம் பாடியது. அவசரத்தில் தவறாகப் போட்டிருக்கிறேன். திருப்பிப் போட்டால் பாட்டு நடுவில் ஓடியது. ரீவைண்ட் பண்ண வேண்டியிருந்தது. டேப் கிர்ரென்று சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுற்றி நின்ற எல்லாருக்கும் அந்த ஒரே போன்தான் வேண்டும். யாரும் போனைக் கேட்கவில்லை.

டிரம் ஆரம்பித்தது. நெர்மின் ரிசீவரை ஸ்பீக்கரோடு ஒட்டிப் பிடித்தாள். மளிகைக் கடை முழுக்க டிஸ்கோ இரைச்சல். தலையில் துணி போர்த்திய கிழவிகள், கையில் பெயர்ச் சீட்டோடு ஆண்கள், ஒருவரும் அசையவில்லை. பாட்டு முடிந்த பிறகு ரிசீவரைக் காதில் வைத்தாள். லைன் எப்போதோ போயிருந்தது.

என் வேலை போகவில்லை. ஃபீவரை மேனேஜர் நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது. அக்டோபரில் நெர்மின் எல்லாவற்றையும் விற்றுவிட்டு அப்பாவிடம் போய்விட்டாள். ஒரே ஒரு கடிதம் வந்தது. அவர் காதில் டிரம் மட்டும்தான் விழுந்ததாம், தன் குழல் வருவதற்குள் லைன் போய்விட்டதாம். "அதுதான் நல்லது, அது வரைக்கும் அவனோடது மட்டும்" என்றாராம். அதன் பிறகு அவர் சுர்னாவைத் தொடவில்லை.

நான் பதில் எழுதினேன். எழுதினேன் என்றுதான் நினைக்கிறேன். இரண்டாயிரத்தொன்றில் ஆபீஸை மூடினார்கள். நாங்கள் கலிபோர்னியாவுக்கு மாறியதில் அட்ரஸ் தொலைந்தது. பல வருஷம் கழித்து பேட்டர்சன் பக்கம் போனபோது அந்தக் கடை இருந்த இடத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். கம்ப்யூட்டரில் நெர்மின் என்று அடித்தால் ஆயிரம் முகம் வருகிறது, எதுவும் அவள் இல்லை. அப்பா பெயரை வைத்தாவது தேடலாம் என்றால், அவள் எப்போதும் பாபா என்றுதான் சொன்னாள். நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.