‘நாதா’ என்று ஆரம்பித்த கடிதங்கள்

சரித்திர நாவலில் யாருமே வயிறாரச் சாப்பிட மாட்டார்கள். என்னுடைய முதல் கோபம் இதுதான். நாலு நாள் குதிரை மேலேயே போவான், கோட்டை மதில் ஏறுவான், சுரங்கத்தில் இறங்குவான், நடுவிலே ஒரு வாய் களி துன்னான் என்று ஒரு வரி இருக்காது. இளவரசி அடிக்கடி மயங்கி விழுவாள். பட்டினி கிடந்தால் விழாமல் என்ன செய்வாள்! இவ்வளவு திட்டுகிறேனே, படிக்காமல் விட்டேனா? சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை நூலகம் இருந்தது. அதில் ராஜா ராணிக் கதையில் ஒன்றைக்கூட நான் பாக்கி வைக்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் ஆந்திர எல்லையில், குடிபாலா பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. பத்தாவது வரை தெலுங்கில்தான் எழுதிப் பாஸ் பண்ணினேன். தமிழ் எழுத்தை வேலூர் பஸ் போர்டிலும் சினிமா போஸ்டரிலும் நானாகவே கூட்டிக் கூட்டிப் படித்துப் பழகிக்கொண்டேன். அதற்கு அப்புறம் எனக்குக் கிடைத்த தமிழ் எல்லாம் அந்தத் தடித்தடி புத்தகங்களிலிருந்து வந்ததுதான். ஆகவே தமிழில் எழுதுவது என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று சொல்ல எங்கள் ஊரில் ஆள் இல்லை.

அப்போது சித்தூரில் ஒரு தையல் கடையில் வேலை. பக்கத்து மெஷினில் தைத்தவள் என் சிநேகிதி, பிச்சாட்டூர்க்காரி. அவள் மாத நாவல் கட்சி. அட்டையில் ஒரு பெண் ரோஜாப்பூவோடு கண்ணீர் விட்டுக்கொண்டிருப்பாளே, அந்த ரகம். எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். “இதெல்லாம் ஒரு கதையா? அவன் மனசுல இருக்கறத அவன் சொல்ல மாட்டான், அவ மனசுல இருக்கறத அவ சொல்ல மாட்டா. ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்லியிருந்தா பத்தாம் பக்கத்துல கதை முடிஞ்சிருக்கும்” என்பேன். அவள் பாபினில் நூல் சுற்றிக்கொண்டே, “உன் ராஜா மட்டும் இன்னா கிழிச்சாரு? சுரங்கத்துல பூந்தவரு மூணு பாகமா வெளியவே வர்ல” என்பாள். கடையே சிரிக்கும்.

எனக்குக் கல்யாணம் ஆனது. அவர் காட்பாடிப் பக்கம், தமிழில் படித்தவர், தெலுங்கு ஒரு எழுத்து தெரியாது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பெங்களூருக்கும் குவைத்துக்கும் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். இவரும் நாலாவது மாசம் டிரைவர் வேலைக்குக் குவைத் போனார். இரண்டு வருஷக் காண்ட்ராக்ட். நான் மாமியாரோடு இருந்துகொண்டு பஸ்ஸில் அதே தையல் கடைக்குப் போய் வந்தேன். போன் பேசலாமென்றால் பூத்துக்காரர் பாதி காதை நம் பக்கம் வைத்திருப்பார், பின்னால் நாலு பேர் நிற்பார்கள். “சாப்டியா, சாப்டேன்” என்பதோடு சரி. மனசில் இருப்பதைக் கடிதத்தில்தான் சொல்ல வேண்டும், அதையும் தமிழில் எழுத வேண்டும்.

எழுதினேன். “என் உயிரினும் இனிய நாதா! தாங்கள் மரக்கலம் ஏறிய நாள் முதலாய்...” அவர் போனது விமானத்தில். நான் படித்த நாவல்களில் விமானம் கிடையாது, நான் என்ன செய்வேன்? மாமியாருக்குக் கால்வலி என்பது ‘அன்னையார் திருவடி நோவுற்றனர்’ ஆனது. ஆடு குட்டி போட்டதைக்கூட ‘ஈன்றெடுத்தது’ என்றுதான் எழுதினேன். அவரும் பதிலில் ‘தாங்கள்’ போட ஆரம்பித்துவிட்டார். எனக்கு ஒரே பெருமை.

இரண்டு வருஷம் முடிய மூன்று மாசம் இருக்கும்போது ஒரு கடிதம் வந்தது. கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், தங்கள் விருப்பம் என்ன என்று கேட்டிருந்தார். வேண்டாம், வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். காகிதத்தில் பார்த்தால் அது சப்பென்று இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, “வீரர் தம் கடமை முடியுமுன் திரும்பலாகாது. ஆண்டுகள் பல ஆயினும் இவ்வடியாள் காத்திருப்பேன்” என்று எழுதினேன். கதைகளில் இளவரசி போய் வாருங்கள் என்பாள், கண் மட்டும் போகாதே என்று சொல்லும், அவன் புரிந்துகொண்டு குதிரையைத் திருப்புவான். இவருக்கும் புரியும் என்று நினைத்தேன். காகிதத்தில் கண் ஏது?

பதில் வந்தது. ரூமில் எல்லாருக்கும் என் கடிதத்தைப் படித்துக் காட்டினாராம், எட்டுப் பேரும் கை தட்டினார்களாம். இப்படி ஒரு தைரியசாலி பெண்டாட்டி யாருக்குக் கிடைக்கும் என்று கேட்டிருந்தார். லீவில் போன மேனேஜர் வந்ததும் கையெழுத்துப் போடப் போவதாக முடித்திருந்தார்.

தையல் கடையில் மெஷின் மேலே கவிழ்ந்து ஓவென்று அழுதேன். சிநேகிதி கடிதத்தை வாங்கிப் படித்தாள். நான் என்ன எழுதினேன் என்று கேட்டாள், சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். “ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்லலன்னு என் புக்க கிண்டல் பண்ணிக்கினு இருந்தியே. நீ இன்னா பண்ணி வச்சிக்கீற?” என்றாள். எனக்குக் கோபம் வந்தது, அவள் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது.

தன் பையிலிருந்து மாத நாவல் ஒன்றை எடுத்துக் கையில் திணித்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். கதை என்னவோ நான் நினைத்த லட்சணத்தில்தான் இருந்தது. மேனேஜர், டைப்பிஸ்ட், ஊட்டி, மழை. ஆனால் அதில் ஒருத்தி புருஷனிடம், “இன்னிக்கு சாம்பார்ல உப்பு கூடிப்போச்சு, அதுக்கும் உன்மேலதான் கோவம்” என்கிறாள். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட, இப்படிப் பேசுகிற மாதிரியே எழுதலாமா? அச்சில் போட்டு விற்கிறார்களே!

அன்றைக்கே பூத்துக்குப் பக்கத்துக் கடையில் வெளிநாட்டுக் கவர் வாங்கினேன். “மாமா, நான் தெரியாம எழுதிட்டேன். எனக்கு தைரியமெல்லாம் ஒண்ணும் கிடையாது. ரெண்டு வருஷமா உன் தலகாணிய மாத்திப் போடல. கையெழுத்து போடாத. வந்துடு” என்று எழுதினேன். அஞ்சே வரி. வெட்கமாக இருந்தது. மறுபடி படித்தால் கிழித்துவிடுவேன் என்று பயந்து அப்படியே ஒட்டிப் பெட்டியில் போட்டேன்.

ஒரு மாசம் பதில் இல்லை. மேனேஜர் வந்திருப்பாரா, கவர் முந்தியதா அவர் முந்தினாரா என்று எண்ணி எண்ணி இரண்டு ஜாக்கெட்டுக்குக் கை மாற்றித் தைத்தேன். அப்புறம் சின்னதாக ஒரு கடிதம் வந்தது. கையெழுத்துப் போடவில்லை, மெட்ராஸுக்கு டிக்கெட் போட்டாச்சு என்று இருந்தது. ‘தாங்கள்’ எங்கேயும் இல்லை. சிநேகிதி கடை முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள், தானே புருஷனை வரவழைத்த மாதிரி.

வந்த அன்றைக்கு அவர் பெட்டியைத் திறந்து என் கடிதங்களைக் கட்டாக எடுத்து வைத்தார். ஓரமெல்லாம் நைந்து டீக்கறையோடு இருந்தன. எட்டுப் பேர் கை மாறியவை, ‘நாதா’வுக்கு யாரோ பேனாவால் அடிக்கோடு வேறு போட்டிருந்தார்கள். அந்த அஞ்சு வரியைத் தேடினேன், கட்டுக்குள் இல்லை. “அது எங்க?” என்றேன்.

சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். அதன் நடுவில் நாலாக மடித்து இருந்தது. “இத மட்டும் யாருக்கும் படிச்சிக் காட்டல” என்றார்.