நெரிடாவின் இடுப்பு

டப்போ ஊருக்குப் பக்கத்து ஆட்டுக் கொட்டகையில் நான் சமையல்காரி. நெரிடா தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே கம்பளி கத்தரிப்பவள். ஆட்டைக் கால்களுக்கிடையில் இறுக்கிக் குனிந்து குனிந்தே அவள் இடுப்பு மூட்டின் தசைநார் நைந்துபோனது.

"நடிக்கிறா" என்றான் மேஸ்திரி கிளைவ், ஒருநாள்கூடக் குனியாதவன்.

டவுன் டாக்டர் ஸ்கேன் திரையில் பார்த்தபடியே சரியான இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டார். "மரத்துப்போற மருந்தும் கலந்திருக்கு. வலி இல்லேன்னு வேலைக்குப் போயிடாதீங்க."

லீவு சொல்ல நொண்டாமல் வந்தவளைப் பார்த்து கிளைவ் இளித்தான். "ஒரே ஊசியில நடிப்பு போயிடுச்சே. வேலை மணி அடிக்கப் போகுது, குனி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெரிடா கத்தரிக்கும் மெஷினை அவன் கையில் திணித்தாள்.

"நீ நடிப்புன்னு சொன்னது திரையில கிழிஞ்சு கெடந்துச்சு. இன்னைக்கு நீ குனி. சாயங்காலம் நிமிர முடியாம கத்துவேல்ல, அப்ப நான் சொல்றேன், நடிக்கிறான்னு."