கஸ்பார் இருத்திய தேங்காய்

சிலாபத்துக்கு வடக்கே கடலோர ரோட்டில், மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிப் போகும் கஸ்பார் பெர்னாண்டோவை ஒருதரம் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆள் குள்ளம். வலது கை மட்டும் இடது கையைவிட ஒரு சுற்றுப் பருமன். கோயில் தெருவில் தமிழில் கூவுவார், விகாரைத் தெருவில் சிங்களத்தில் கூவுவார், விலையை இழுப்பவர்களை இரண்டிலும் ஏசுவார். படித்தது சிங்களம், மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் சொல்வது தமிழ். இதில் என்ன அதிசயம்? அந்தக் கரையில் பாதிப்பேர் அப்படித்தான்.

ஆனால் சித்திரை வருஷத்துக்குப் போர்த்தேங்காய் அடி தொடங்கிவிட்டால் அவர் வெறும் மீன்காரர் அல்ல, கடற்பக்கத்துக் கஸ்பார். ஊரில் பக்கம் இரண்டே இரண்டு. ரோட்டுக்கு மேற்கே கடற்பக்கம், கிழக்கே தோட்டப்பக்கம். பிறக்கும்போது கிடைத்த பக்கம் கல்யாணத்தாலும் மாறாது. ஒரு பக்கத்தான் தன் தேங்காயை மண்ணில் இருத்துவான், மறுபக்கத்தான் தன்னுடையதைக் கையில் பிடித்து ஓங்கி அடிப்பான். எது உடைகிறதோ அது தோற்றது. ஓடு தடித்த சின்னத் தேங்காய்க்காகக் கஸ்பார் மாதக்கணக்கில் மரம் மரமாக அலைவார். அவருடைய தேங்காயை உடைத்த ஆண்பிள்ளை அந்த ஊரில் இல்லை.

மனைவி பிலோமினா தோட்டப்பக்கத்துக்காரி. ஆட்டம் முடியும்வரை அண்ணன் எமில் வீட்டில்தான் இருப்பாள்.

“அப்ப எனக்குச் சோறு?” என்பார் கஸ்பார்.

“எதிரிக்கு நான் என்னத்துக்குச் சமைக்கிற? உங்கட தேங்காயச் சுரண்டித் தின்னுங்க!”

அவளைக் கூட்டிப்போக வரும் எமில் வாசல் படலையில் நின்றே தொடங்குவார். “மச்சான், இந்த வருஷம் உன்ட தேங்காயிலதான் எங்கட வீட்டுச் சம்பல்!”

“போடா! முட்டைக்கோதும் உன்ட தேங்காயவிடத் தடிப்புடா!”

நாட்டில் சண்டை முடிந்து சில வருஷங்களில் பிரதேச சபை உறுப்பினர் சுசந்தவுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. ஒற்றுமை விழா வைக்கவேண்டுமாம். கிண்ணம் வாங்கினார், தொலைக்காட்சிக்காரரைக் கூப்பிட்டார், இரண்டு நிறத்தில் சட்டை தைத்தார். ஊதா சிங்கள அணிக்கு, மஞ்சள் தமிழ் அணிக்கு. அடித்து முடித்துக் கைகுலுக்கிப் படம் எடுக்கவேண்டும். ஒன்றாய்க் கிடந்த சனத்தை இரண்டாய்ப் பிரித்துவைத்து, பிறகு ஒற்றுமைப்படுத்த இந்தப் புத்திசாலிகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

சுசந்த ஊதாச் சட்டையோடு கஸ்பார் வீட்டுக்கே வந்தார். “கஸ்பார் அண்ண, சிங்கள அணிக்கு நீங்கதான் தலைவர். முதல் அடி உங்கட. எதிரில இருத்துறது பாசில்.”

“பாசில் என்ட கூடப்பிறந்த தம்பி. நாங்க ரெண்டு பேரும் கடற்பக்கம்.”

“அவர் தமிழ்ல படிச்சவர்தானே? ஒரு படத்துக்குத்தான் அண்ண. பெருசா எடுக்காதீங்க.”

எமிலுக்கும் ஊதாச் சட்டையாம். வாழ்நாள் முழுக்க அடித்து நொறுக்கிய மச்சான் இப்போது சொந்த அணி! மற்ற நேரமென்றால் கஸ்பார் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அன்று சிரிப்பு வரவில்லை. நேரே தம்பி வீட்டுக்குப் போனார். மஞ்சள் சட்டை கொடியில் தொங்கியது.

“ஏன்டா வாங்கின?”

“குடுத்தாங்க, வாங்கினேன்,” என்றார் பாசில். “ஏன் எதுக்குன்னு கேட்டா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும் அண்ண.”

கஸ்பாருக்கு அந்தப் பழைய பஸ் பயணம் நினைவுக்கு வந்தது. சண்டைக் காலத்தில் அண்ணனும் தம்பியும் கொழும்புக்குப் போன பஸ்ஸைப் பட்டாளம் நடுவழியில் மறித்தது. ஏறிவந்த பட்டாளத்தான் கேட்டதற்குக் கஸ்பார் சிங்களத்தில் பதில் சொன்னார். பாசிலுக்குப் பயத்தில் வாயில் தமிழ் வந்துவிட்டது. அவரை இறக்கிக்கொண்டு போனார்கள். பஸ் புறப்பட்டது. கஸ்பார் சீட்டிலேயே இருந்தார். சில வாரம் கழித்துப் பாசில் மெலிந்து திரும்பி வந்தார். அந்த நாளைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இனி ஊருக்கு முன்னால், ஊதாச் சட்டை போட்டு அதே தம்பியின் தேங்காயை அடிக்கவேண்டும். மாட்டேன் என்று வீட்டில் இருந்துவிட்டால் பாசில் மஞ்சள் சட்டையோடு தனியே நிற்பார். கஸ்பார் அன்றிரவு சாப்பிடவில்லை.

விழாவன்று மைதானம் நிறைந்த சனம். பாசில் குனிந்து தன் தேங்காயை மண்ணில் இருத்தினார். ஊதாச் சட்டைக் கஸ்பார் வந்தார், கையில் அந்த வருஷத்து நல்ல தேங்காய். கேமராக்காரன் கிட்டப் போனான்.

கஸ்பார் கையை ஓங்கவில்லை. குந்தினார். தம்பியின் தேங்காய்க்குப் பக்கத்தில் தன் தேங்காயையும் இருத்தினார்.

“என்ன அண்ண செய்யுற?” பாசில் பதறிப்போனார். “நீ அடிக்கணும்!”

“அண்டைக்கு அந்த பஸ்ஸில இருந்து நானும் இறங்கியிருக்கணும்டா. பயந்துட்டேன்.” என்றார் கஸ்பார். “நகரு. உன் பக்கத்தில இருக்கிறேன்.”

பாசில் நகர்ந்து இடம் விட்டார்.

சுசந்த கத்தினார். “அண்ண, ரெண்டு பேரும் இருத்தினா அடிக்கிறது யாரு?”

“தோட்டப்பக்கத்தில ஆம்பிள இருந்தா வரட்டும்!” என்றார் கஸ்பார்.

அவ்வளவுதான். எமில் ஊதாச் சட்டையைத் தலைவழியே கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்தார். “இந்தா வாறேன்டா மச்சான்!” பின்னாலேயே தோட்டப்பக்கத்து மஞ்சளும் ஊதாவும் ஒன்றாக ஓடிவர, கடற்பக்கத்து மஞ்சளும் ஊதாவும் அண்ணன் தம்பிக்குப் பின்னால் வந்து குந்தின. கேமராக்காரனுக்கு யாரைப் பிடிப்பதென்று தெரியவில்லை. சுசந்த கிண்ணத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றார், பாவம்.

எமில் கஸ்பாரின் தேங்காயைத்தான் குறிபார்த்து அடித்தார். படாரென்று பிளந்தது. தோட்டப்பக்கம் எழுப்பிய கூச்சல் கடல்வரை கேட்டிருக்கும். கஸ்பார் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஒரு தேங்காய் உடைந்ததற்குச் சின்னப்பிள்ளைபோல் அழுத மனிதன் என்று இன்றுவரை ஊர் அவரைக் கேலி செய்கிறது. கஸ்பாரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். பாசில் மட்டும் அந்தக் கேலியில் சேருவதில்லை.