எலுமிச்சம்பழத்தில் ஏறிய கார்

எண்பதுகளில் மலேசியாவின் கிள்ளானில் என்னைப்போல் பிரேக் வேலை செய்ய ஆள் கிடையாது. மூன்றாம் வகுப்போடு நின்றவன், சொந்தப் பட்டறை வைத்தேன்.

லோரி ஓட்டுநர் முனியாண்டி ஒரு பழைய கார் வாங்கி, கோயில் பூசைக்கு முன் பிரேக் பேட் மாற்றத் தள்ளிக்கொண்டு வந்தார். பிரேக் பிஸ்டனை உள்ளே தள்ளிப் புதுப் பேடுகளைப் பொருத்தினேன். அதன்பின் பெடலைப் பலமுறை மிதிக்க வேண்டும். இல்லையென்றால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. ஓட்டிப் பார்க்கும்போது மிதிக்கலாம் என்றிருந்தேன்.

"பூசை முடியாம ஸ்டார்ட் பண்ணக்கூடாது லா, அண்ணே" என்றார் அவர். பக்கத்துக் கோயிலுக்குக் காரைத் தள்ளிக்கொண்டே போனோம். பெடலை மறந்துவிட்டேன்.

பூசை முடிந்து முனியாண்டி காரை எடுக்க, டயர்கள் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு நகர்ந்தன. எதிரே அவர் மனைவி, நிறைமாத வயிற்றோடு, ஆரத்தித் தட்டு ஏந்தி நின்றார். கார் நிற்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பெடல் நினைவு வந்தது. பம்பர் அவர் சேலையைத் தொட்டபோது கார் நின்றது.

"அண்ணே, உங்க பிரேக்கு நச்சுன்னு புடிக்குது" என்று அவர் மனைவி சிரித்தார். பூசாரி எனக்கு மாலை போட்டார்.

முனியாண்டி என் காதருகே வந்தார். "மொத மிதி தரைக்குப் போயிருச்சு அண்ணே. ரெண்டாவதுலதான் புடிச்சுச்சு. அவகிட்ட சொல்லாதீங்க, பயந்துருவா."

என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

அதன்பின் எந்தக் காரையும், பெடல் கல்போல் இறுகும்வரை மிதிக்காமல் நான் வெளியே விட்டதில்லை. என் பெருமைகளை ஊரெல்லாம் பேசியிருக்கிறேன். என் கழுத்தில் விழுந்த அந்த மாலையைப் பற்றி இன்றுதான் வாய் திறக்கிறேன்.