தாய்வீட்டுக் கோடி

என் பீரோவின் மேல்தட்டில் ஒரு ரவிக்கைத் துண்டு இருக்கிறது. அரக்குச் சிவப்புப் பருத்தி, ஓரத்தில் விரல் அகலத்துக்கு மஞ்சள் கரை. கத்தரிக்கோல் போன பக்கத்தில் நூல் பிசிறு இன்னும் தொங்குகிறது. என் மகள் அதை மோந்து பார்த்துவிட்டு, "அந்துருண்டை வாசனைதாம்மா வருது" என்கிறாள். எனக்கு விறகுப் புகைதான் வருகிறது. மூக்குக்கு வயதாவதில்லை போலிருக்கிறது.

அதை நெய்தவர் என் அத்தை, தாய்மாமனின் மனைவி. அருப்புக்கோட்டைப் பக்கத்து நெசவுக் குடும்பம். அப்பாவுக்கு போர்ட் பிளேரில் வேலை கிடைத்து நாங்கள் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் குடியிருந்தபோது, மாமாவும் அத்தையும் ஒரே மகளோடு கப்பலேறி வந்து எங்களுக்கு அடுத்த வீட்டில் இறங்கினார்கள். ஊரில் செய்ததுபோலவே மாமா வீட்டுக்குள் குழி வெட்டித் தறி போட்டார். மே மாதம் மழை பிடித்ததும் குழி நிறையத் தண்ணீர். "மச்சான் தவளைக்குக் குளம் வெட்டியிருக்காரு" என்று அப்பா மாதக்கணக்கில் சிரித்தார். பிறகு ஒரு மலையாளத் தச்சர் படாக் மரத்தில் சட்டம் அடித்துக் கொடுக்க, தறி தரைக்கு மேலே எழுந்து நின்றது. மாமா சாலை வேலைக்குப் போய்விட, அதில் உட்கார்ந்தது பெரும்பாலும் அத்தைதான்.

தறி நிமிர்ந்து நின்றுவிட்டது, நூலுக்குப் போட்ட கஞ்சிதான் காயவில்லை. ஊரில் விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டால் வெயில் ஏறுவதற்குள் நூல் விறைத்துவிடும் என்பார் அத்தை. இங்கே வெயிலை நம்பி நூலை விரித்தால் பூஞ்சைதான் பூத்தது. அதனால் கூரைக்கு அடியில் பாவைக் கட்டி, கீழே விறகை மூட்டிப் புகையில் காயவைப்பார். எத்தனை முறை துவைத்தாலும் அவர் நெய்த துணியில் புகை வாசனை லேசாக இருந்துகொண்டேதான் இருந்தது. நாங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மழைக்காலத்தில் எங்கள் தலைமுடியே அப்படித்தான் மணத்தது.

ஒரு ஆடியில் கடல் கொந்தளித்து மெயின்லாந்துக் கப்பல் வரவில்லை. அபர்தீன் பஜார் கடைகளில் வெள்ளைத் துணி தீர்ந்துபோயிருந்தது. அந்த நேரம் பார்த்து, எங்கள் தெருவில் மர மில்லில் வேலை பார்த்த ஒருவர் மேல் கட்டை உருண்டு அவர் இறந்துபோனார். பிணத்தின் மேல் போட ஒரு முழம் கோடித்துணி இல்லை. ஆட்கள் நாலைந்து பேர் அத்தை வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்கள். தறியில் பாதி நெய்த வெள்ளை வேட்டி இருந்தது.

நெய்கிறவர்கள் பாதி வேட்டியைத் தறியிலிருந்து அறுக்கமாட்டார்கள். அறுத்தால் அந்த வீட்டில் ஏதோ ஒன்று பாதியில் நிற்கும் என்று ஒரு பயம். மாமா தயங்கினார். "இருக்கிற பழசக் குடுப்போம்" என்றார். அத்தை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"செத்த மனுசன் பழசக் கட்டிக்கிட்டா போவாரு? நகருங்க" என்று சொல்லிக் கத்தரிக்கோலை எடுத்தார்.

அன்று அவர் செய்ததைத் தெருவே புகழ்ந்தது. அதற்குப் பிறகு கப்பல் தாமதமாகும்போதெல்லாம் யாராவது முற்றத்தில் வந்து நின்றார்கள். தள்ளியிருந்த ஹடோ பகுதியிலிருந்துகூட வந்தார்கள். அத்தை ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்த முற்றத்தை நம் ஆட்கள் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து வங்காளிகள் துண்டு வாங்கினார்கள், "அச்சா கப்டா", நல்ல துணி என்று தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். தமிழர் வீட்டு நல்லது பொல்லதில் பொல்லதுக்கு மட்டும்தான் அத்தையின் துணி. என் அம்மாவே, அத்தை ஆசையாக நீட்டிய சேலையை, "இருக்கட்டும் மதினி, கப்பல் துணியே கெடக்கு" என்று திருப்பிக் கொடுத்ததைப் பார்த்தேன். அத்தை அதை மடித்த மடிப்பு கலையாமல் எடுத்துப் போனார். ஊருக்கு உபகாரம் செய்யப் போய் ஊர் ஒதுக்கிய கதைதான்.

மகளுக்குக் கல்யாணம் பேசினபோது அத்தை அதையெல்லாம் மாற்றிவிடலாம் என்று நினைத்தார். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, மில்லில் இறந்தவரின் மூத்த மகன். தன் கையால் கூறைப்புடவை நெய்து மகள் உடுத்திக்கொண்டு மணையில் உட்கார்ந்தால், பிறகு யார் என்ன சொல்ல முடியும்? அரக்கும் மஞ்சளுமாகச் சாயநூல் கப்பலில் வரவழைத்தார். அந்த மழைக்காலம் முழுக்க அந்தப் புடவைதான் தறியில் இருந்தது. மதினி, அதாவது அவர் மகள், பக்கத்தில் உட்கார்ந்து ஊடை நூலைத் தாரில் சுற்றிக் கொடுப்பாள். இடையிடையே எழுந்து, நெய்து முடிந்த பாகத்தின் மேல் கன்னத்தை வைத்து, "எனக்கு எடுக்குமா?" என்று என்னைக் கேட்பாள். எடுத்தது. அந்த அரக்கு அவள் நிறத்துக்கு அவ்வளவு எடுத்தது.

புடவையைத் தட்டில் வைத்துக் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். மாப்பிள்ளையின் தாயார் அதைக் கையில் எடுத்தார், தடவிப் பார்த்தார், முகத்தருகே கொண்டுபோனார். அப்படியே கீழே வைத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை.

"இந்த வாசத்த நான் ஒரு தடவ மோந்துட்டேன்க்கா. அவர் மேல கெடந்த துணி இது. என் வீட்டுக்கு வர்ற பிள்ள மேல வேண்டாம். கோவிச்சுக்கிறாதீங்க."

அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். மதினி கப்பலில் வந்த பட்டில் கல்யாணம் செய்துகொண்டாள். கூறைப்புடவை அத்தையின் தகரப் பெட்டிக்குள் போனது.

அடுத்த மழைக்காலத்தில் மதினிக்கு மலேரியா வந்தது. வயிற்றில் பிள்ளை வேறு. இரண்டு உயிரும் ஒன்றாகப் போயின. பாதியில் அறுத்த தறியைப் பற்றி அன்றே தெருவில் முணுமுணுத்தார்கள், என் அம்மா உட்பட. கொசுவுக்குத் தறி தெரியுமா, வேட்டி தெரியுமா?

சுமங்கலியாகச் செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப்புடவை வந்தால்தான் குளிப்பாட்டித் தூக்குவார்கள். அது இல்லாமல் பாடை நகராது. மழை தூறிக்கொண்டிருந்தது. ஆட்கள் நேரமாகிறது என்றார்கள். ஒரு கிழவர் வாசலில் நின்று, "தாய்வீட்டுக் கோடி வந்துருச்சா?" என்று கேட்டார். அத்தை எழுந்து வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் அந்த அரக்குப் புடவை. பஜாரில் அன்று புடவைக்குப் பஞ்சமில்லை, இரண்டு நாள் முன்புதான் கப்பல் வந்திருந்தது.

ரவிக்கைத் துண்டை மட்டும் கத்தரித்து, பக்கத்தில் நின்ற என் கையில் கொடுத்தார். புடவையை மாப்பிள்ளையின் தாயாரிடம் நீட்டினார்.

"இப்ப இந்த வாசம் ஒத்துக்கிருமா?"

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. அந்த அம்மாள் புடவையை இரு கையாலும் வாங்கி முகத்தில் பொத்திக்கொண்டு போட்ட கூக்குரலை நான் அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை. அவர்தான் மதினிக்கு அதைச் சுற்றிவிட்டார். கொசுவத்தை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

துண்டைத் திருப்பிக் கொடுத்தபோது அத்தை வாங்கவில்லை. "நீயாவது தச்சுப் போடு" என்றார். நான் மடித்து வைத்தேனே தவிர, தைக்கவில்லை. பதினாறாம் நாள் கழிந்ததும் மறுபடி தறியில் உட்கார்ந்தார். முற்றத்தில் ஆட்கள் வந்து நிற்பதும் நிற்கவில்லை, அவர் அறுத்துக் கொடுப்பதும் நிற்கவில்லை. தனக்கென்று ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. அவர் போனபோது கடைத்துணிதான் போட்டோம்.

இப்போது தினமும் விமானம் வருகிறது. அபர்தீன் பஜாரில் கைத்தறிப் புடவை என்று கண்ணாடிக்குள் தொங்கவிட்டிருக்கிறார்கள். எந்தத் தறி, அதற்கு முன் யாருக்கு நெய்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. போன வாரம் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் மணையில் போட்டுக்கொள்ளத் தைக்கச் சொல்லி ரவிக்கைத் துண்டைத் தையல்காரரிடம் எடுத்துப் போனேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரொம்பப் பழசும்மா. நூல் இத்துப்போச்சு. ஒரு தடவ போட்டா அதோட சரி. கல்யாணத்துக்கு வேற எடுத்துக்கங்களேன்."

"கல்யாணத்துக்குத்தான் தம்பி. ஒரு தடவ போதும்" என்றேன்.